ஒற்றை இழை வரையும் ஓவியம்

நுழையும்முன்

உடலுக்குள் மறைந்துள்ள நோயை நேரில் காண மருத்துவர் விரும்புகிறார். அதற்குரிய குழல் தொண்டைக்குள் நுழைவதை எண்ணி நோயாளி அஞ்சுகிறார். இவ்விருவரின் இடர்களையும் குறைக்க அறிவியல் கண்ட வழியொன்றை இப்பாடம் விளக்குகிறது.

மெழுகுவர்த்தி முதல் ஒளியிழை வரை

உடலின் உட்பகுதியைக் காண உதவும் கருவி அகநோக்கி எனப்படும். இதனை எண்டோஸ்கோப் என்றும் வழங்குவர். 1806ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போசினி, மெழுகுவர்த்தியின் ஒளியை ஆடியின் துணையால் குழலுக்குள் செலுத்தும் கருவியொன்றை அமைத்தார். 1868இல் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர், இரைப்பையைக் காண நீண்ட நேரான குழல் ஒன்றைச் செய்தார். அதனை விழுங்க வல்லவர் யார்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர் உடன்பட்டார். குழல் உள்ளே சென்றது. போதிய ஒளிதான் செல்லவில்லை.

வளையும் குழலுக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் வழியைத் தந்தது ஒளியிழை. மெல்லிய கண்ணாடி இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, முழு அக எதிரொளிப்பினால் பக்கங்களில் கசியாமல் மறுமுனையை அடையும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஆங்கிலேய அறிஞர் ஹரால்டு ஹாப்கின்சும் இலண்டனில் ஆராய்ந்து, இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்த இயலும் என்பதை 1954இல் வெளியிட்டனர். 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், ஒளியிழை அகநோக்கியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். அதன் பின்னரே நோயாளிக்குப் பயன்படுத்தினார்.

கற்றையின் குறை

இழைக்கற்றையில் ஓர் இழை படத்தின் ஒரு புள்ளியை மட்டுமே சுமக்கும். ஆகவே, தெளிவான படத்திற்குப் பல்லாயிரம் இழைகள் வேண்டும். இழைகளைக் குறைத்தால் குழல் மெலியும்; படத்தின் தெளிவும் குறையும். பின்னாளில் குழலின் முனையிலேயே சிறு படக்கருவியைப் பொருத்தினர். இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் பயன்படுவது இவ்வகையே. எனினும், இரைப்பையைக் காணும் குழலின் தடிமன் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். பித்தநாளம் போன்ற குறுகிய வழிகளுள் அது நுழையாது. அதனை விழுங்க அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவோரும் உளர். நோயோ காத்திருப்பதில்லை. உணவுக்குழலில் தோன்றும் புற்றுநோய், தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே வளரும். உணவை விழுங்க முடியாத நிலையில் அதனைக் கண்டறிந்தால், குணப்படுத்துவது மிகக் கடினம்.

நகரும் ஒளிப்புள்ளி

ஒரே ஓர் இழையைக் கொண்டு முழுப் படத்தையும் பெற இயலுமா? இருட்டறையின் சுவரில் ஒரு படம் தொங்குகிறது என்று கொள்வோம். கைவிளக்கின் சிறிய ஒளிவட்டத்தில் ஒரு பகுதியே தெரியும். அவ்வட்டத்தை ஒழுங்காக நகர்த்தி, கண்டவற்றை நினைவில் வரிசைப்படுத்தினால் முழுப் படமும் புலனாகும். இதுவே வருடொளி அகநோக்கியின் அடிப்படை. சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் சைபெல் என்பாரின் குழு இதனை உருவாக்கியது.

இக்கருவியின் முனையில் ஓர் ஒளியிழை சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் மாறும்போது அசையும் சிறு குழாய் ஒன்று அதனை அதிரச் செய்யும். கைமுறுக்குச் சுற்றுவோர் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சுற்றுவதுபோல், இழையின் முனை நடுவிலிருந்து விரிந்து ஏறத்தாழ 250 சுற்றுகள் சுற்றும். அதன் வழியே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவண்ண லேசர் ஒளி ஒரு புள்ளியாகத் திசுவின்மேல் விழும். திரும்பிவரும் ஒளியைச் சுற்றிலும் உள்ள வேறு இழைகள் வாங்கி உணரிகளுக்கு அனுப்பும். எக்கணத்தில் இழை எவ்விடத்தை நோக்கியது என்பதைக் கணினி அறியும். எனவே, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அதற்குரிய இடத்தில் வைத்து, நொடிக்கு ஏறத்தாழ 30 படங்களை அது உருவாக்கும். ஒளியை ஏந்திச் செல்ல ஒற்றை இழையே போதுமாதலால், இக்கருவியை 1.2 மில்லிமீட்டர் அளவிற்குக்கூடச் சிறிதாக்க இயன்றது.

விழுங்கும் மாத்திரை

இதே அமைப்பை 6.4 மில்லிமீட்டர் அகலமுள்ள மாத்திரைக்குள்ளும் வைத்தனர். அதனுடன் இணைந்த கயிற்றின் தடிமன் 1.4 மில்லிமீட்டர் மட்டுமே. மாத்திரையை விழுங்கியபின், கயிற்றைப் பற்றி மேலும் கீழும் நகர்த்தி உணவுக்குழலை மருத்துவர் ஆராயலாம். இக்குழுவைச் சேர்ந்த அறிவியலாளர் ஒருவரே அதனை முதலில் விழுங்கிக் காட்டினார். பிறருக்குத் தருமுன் தம்மைச் சோதனைக்கு உட்படுத்தும் மரபு ஹிர்ஷோவிட்சுக்குப் பின்னும் தொடர்ந்தது.

பருத்த குழலின் பயன் இதனால் நீங்கிவிடவில்லை. திசுவைக் கிள்ளியெடுக்கும் சிறு கருவி செல்ல அதில் வழி உண்டு. மெல்லிய இழையில் அதற்கு இடமில்லை. ஆயினும், அஞ்சி ஒதுங்குவோர் துணிந்து சோதனைக்கு வரவும், எட்டாத வழிகளை மருத்துவர் எட்டிப் பார்க்கவும் இவ்வொற்றை இழை துணைநிற்கும்.

சொற்பொருள்
ஆடி – கண்ணாடி. கற்றை – தொகுதி. வருடுதல் – மெல்லத் தடவுதல். புலனாதல் – தெளிவாகத் தெரிதல்.

பிரித்து எழுதுக
ஒளியிழை = ஒளி + இழை
பல்லாயிரம் = ………… + …………
எவ்விடம் = ………… + …………

வினாக்கள்
1. குஸ்மால் செய்த குழலின் குறை யாது?
2. இழைக்கற்றையை மெலிதாக்கினால் படம் என்னவாகும்? ஏன்?
3. ஒரு படத்திற்கு 250 சுற்றுகள், நொடிக்கு 30 படங்கள் எனில், நொடிக்கு எத்தனை சுற்றுகள்?

செய்து பார்க்க
இருட்டறையில் கைவிளக்கின்மேல் சிறு துளையிட்ட அட்டையைப் பொருத்தி, நாட்காட்டிப் படத்தின் அருகே பிடித்து ஒளியை நகர்த்துக. கண்டதையும் இப்பாடத்தின் கருத்தையும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக.