சேலைக்கு அரைக்கிலோ

பிறந்தது பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வாழ்க்கைப்பட்டது இடுக்கி. வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஆஷா ஊழியராக ஏறி இறங்குகிறேன். இரண்டு ஊரிலும் வீட்டுக்குள் தமிழ்தான்; பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்கும் பக்குவம் மட்டும் பாதி தமிழ், பாதி மலையாளம். அம்மா பூண்டுக் குழம்பும் கருவாடும் தருவாள். பக்கத்து வீட்டுச் சேச்சி நெய்யும் வெல்லமும் விட்டுப் பிரசவ லேகியம் கிண்டித் தருவாள். இரண்டையும் தின்றுவிட்டுப் பாயோடு பாயாகக் கிடக்க வேண்டும். வயிற்றோடு இருந்தபோதே அரைவயிறு உண்டவளுக்கு அது சரி. இப்போது பலரும் கூடுதல் எடையோடுதான் பிரசவத்துக்கே போகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேரளப் பெண்களில் 38 சதவீதம் பேர் அதிக எடை.

எடையைக் குறைக்க நான் முதலில் செய்தது பெரிய தப்பு. தோட்டத்துத் தற்காலிக வேலைக்காரி ஒருத்தி, பிரசவமான மூன்றாம் மாதமே கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். 26 வாரச் சம்பள விடுப்பெல்லாம் அவள் வரைக்கும் வரவில்லை. "ராத்திரிச் சோற்றை நிறுத்து" என்றேன். ஒரு வாரத்தில் சரிவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பாலும் குறைந்துவிட்டதென்று மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் கணக்கு. அன்றோடு யாரையும் பட்டினி போடச் சொல்வதை விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் அடுப்படியில் உட்கார்ந்து எண்ணினேன். ஆறு டம்ளர் டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளுக்குச் சுமார் 60 கிராம், மாதத்துக்கு 1.8 கிலோ! எடை குறையும் என்றபோது காதில் வாங்காதவள், சர்க்கரைக் காசு மிஞ்சும் என்றதும் நிமிர்ந்தாள். ஒரேயடியாக நிறுத்தவில்லை, வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தோம். பிள்ளைக்கு அங்கன்வாடியில் வரும் அமிர்தம் பொடியை உருண்டை பிடித்துத் தாய் தின்னும் வழக்கமும் உண்டு. அதிலும் சர்க்கரை இருக்கிறது, அதோடு அது பிள்ளையின் பங்கு.

ஓட்ஸ் வாங்கச் சொல்கிறவர்கள் லயத்து வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். ரேஷன் மட்டை அரிசியே போதும். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் வேகவைத்த பச்சைப்பயறு. மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் குழம்பு வைக்கலாம், பொரிக்க வேண்டாம். பின்புறம் படரும் மத்தன் கொடியின் இளம் இலையில் தோரன். எண்ணெய்ப் போத்தலில் வாரத்துக்கு ஒரு நூல் கட்டிவைத்தோம். நூலைத் தாண்டினால் அந்த வாரம் பப்படம் கிடையாது.

நடக்கச் சொன்னால் சிரிப்பார்கள். நாள் முழுக்க மலைச்சரிவில் நிற்கிறவளிடம் நடை பற்றி என்ன பேசுவது? வீட்டில் இருக்கும் மாதங்களில்தான் அந்தப் பேச்சு. சுகப்பிரசவமானால் உடம்பு தேறியதும் மெல்ல நடக்கலாம். அறுவைப் பிரசவமானால் டாக்டர் சொன்ன பிறகு. வயிற்றில் துணி கட்டுவது இடுப்புக்குத் தாங்கல், கொழுப்பைக் கரைக்காது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களை ஆறாவது வாரத்துக்குப் பிறகு குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு நானே கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வைக்கிறேன். சும்மா இருந்தும் எடை ஏறி, எந்நேரமும் அசதி என்றால் தைராய்டும் பார்க்கச் சொல்வேன். திடீரென்று முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாதம் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் போதும். அதற்கு மேல் இறங்கினால் எனக்குத்தான் பயம். அந்தத் தற்காலிகக்காரி, சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கிய நாலாவது மாதம் அங்கன்வாடி எடை மெஷினில் ஏறி நின்றாள். 71 கிலோவில் தொடங்கியவள், 66.

"கொழுந்து எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறாங்கல்ல அக்கா," என்றாள், "சேலைக்கு அரைக்கிலோ கழிச்சு எழுதுங்க."

65.5 என்று எழுதினேன்.