மலைக்குளிரும் மலிவுத் துணியும்

நாமக்கல்லில் பேருந்து ஏறி, சேந்தமங்கலம் கடந்து, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் கொல்லிமலையின் செம்மேட்டில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே மின்விசிறியைத் தேடியவர்கள் மேலே போர்வையைத் தேடுவீர்கள். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. மலையின் மேல்பகுதியோ 1,000 மீட்டருக்கும் அதிக உயரம். மார்கழி, தை இரவுகளில் ஒற்றைப் போர்வை அங்கே போதாது. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டிய பஞ்சுப் போர்வைதான் ஏற்றது. வடநாட்டில் இதை 'ரஜாய்' என்பார்கள்.

இந்தப் போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உங்கள் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவே. தடுப்பது பஞ்சும் அன்று, பஞ்சுக்குள் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பேறி. நீர் அதைப்போல இருபது மடங்குக்குமேல் கடத்தும். (ஈரப் போர்வை ஏன் குளிர்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?) அப்படியானால் துணிக்கு என்ன வேலை? பஞ்சை வெளியே விடாமலும், வெளிக்காற்று உள்ளே புகுந்து அலைக்கழிக்காமலும் காப்பதே அதன் வேலை. துணி தோற்றால் போர்வையும் தோற்கும்.

ஒரு முறை நானும் ஏமாந்தேன். மலிவு விலை, மொடமொடப்பு, கையில் நல்ல கனம். வாங்கி வந்து இலவம் பஞ்சு வைத்துத் தைத்தாயிற்று. முதல் சலவையிலேயே துணி துவண்டது. பஞ்சு இழைகள் வெளியே எட்டிப் பார்த்தன. இலவு காத்த கிளிக்குக் காய் வெடித்த பின்தான் பஞ்சு பறந்தது; எனக்குத் தைத்த பின் பறந்தது! நான் காசு கொடுத்து வாங்கிய கனத்தில் ஒரு பகுதி வெறும் கஞ்சி.

நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவில் வழக்கம். அது குற்றமன்று. நெருக்கம் குறைந்த துணியின் இடைவெளிகளைப் பின்னர் கஞ்சியால் அடைத்துக் கனமாகக் காட்டுவதுதான் ஏமாற்று. இதைக் கண்டுபிடிக்க உங்கள் பள்ளி ஆய்வகத் தராசே போதும்.

நூலின் பருமனைக் 'கவுண்ட்' எண்ணால் குறிப்பார்கள். ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உண்டோ, அதுவே கவுண்ட். எண் கூடினால் நூல் மெலிது. 40 கவுண்ட் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். கணக்கிட்டால் 1,000 மீட்டர் நூலின் எடை ஏறத்தாழ 14.8 கிராம். இந்த நூலில், அங்குலத்துக்குப் பாவு 60, ஊடை 60 என நெய்த துணியை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு திசையிலும் சுமார் 2,360 இழைகள். மொத்தம் 4,720 மீட்டர் நூல். எடை 70 கிராம். நூல் ஒன்றின்மேல் ஒன்று வளைந்து செல்வதால் நீளம் சற்றுக் கூடும். ஆகவே 75 கிராம் வரை நியாயம். 10 செ.மீ. சதுரத் துண்டு 0.75 கிராம் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு துண்டை வெட்டி, ஓர இழைகள் உதிராமல் தைத்து, நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் நன்கு அலசி, முற்றிலும் உலர்த்தி மீண்டும் நிறுங்கள். நான் வாங்கிய துணி 0.96 கிராமிலிருந்து 0.74 கிராமுக்கு இறங்கியது. இரண்டு முறையும் ஒரே மாதிரி வானிலையில் நிறுப்பது அவசியம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். மழைநாளில் எடை கூடிவிடும்.

டிங்சர் அயோடினை நீர்த்து ஒரு சொட்டு விட்டாலும் கஞ்சி கருநீலமாகத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் நிறம் மாறாவிட்டால் துணி உத்தமமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சி அல்லாத பசைகளும் இன்று உண்டு. தராசு எதையும் விடாது.

இழைகளை எண்ணுவது எப்படி? அட்டையில் ஓர் அங்குலச் சதுரத் துளை வெட்டித் துணிமேல் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, ஊசி முனையால் எண்ணலாம். மெல்லிய துணியானால் சுவையான வழி ஒன்றும் இருக்கிறது. இருட்டில் 10 மீட்டர் தள்ளி ஒரு சிறிய டார்ச் விளக்கின் ஒளிப் புள்ளியைத் துணி வழியே பாருங்கள். சிலுவை வடிவில் புள்ளிகள் தெரியும்! ஒளியின் விளிம்பு விளைவு இது. ஒளியின் அலைநீளம் 0.0006 மி.மீ.; 60 இழைத் துணியில் இழைக்கு இழை தூரம் 0.42 மி.மீ.; விகிதம் 1/700. ஆகவே விளக்கருகே புள்ளிகள் 1.4 செ.மீ. இடைவெளியில் இருப்பதுபோலத் தோன்றும். இழைகள் நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும்.

எவ்வளவு நெருக்கம் தேவை என்பது உள்ளே வைக்கும் பஞ்சைப் பொறுத்தது. பருத்தி இழை முறுக்கிய நாடா போன்றது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சோ காற்று நிறைந்த வழுவழுப்பான குழாய். மெழுகுப் பூச்சு வேறு. சிறு சந்து கிடைத்தாலும் நழுவிவிடும். மெத்தைக் கடைகளில் கோடு போட்ட தடித்த துணியை இலவம் பஞ்சுக்கு வைத்திருப்பது இதனால்தான். பருத்திப் பஞ்சு வைப்பதானால் சாதாரணக் காடாத் துணியே போதும். கைத்தையலுக்கு ஊசியும் எளிதாக இறங்கும்.

இன்னொன்று சுருக்கம். நீரில் நனைந்த நூல் பருக்கிறது. பருத்த ஊடையைச் சுற்றிச் செல்லப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவை. நூலோ நீளாது, ஆகவே ஊடைகளை நெருக்கி இழுக்கிறது. துணி குறுகுகிறது. மேல்துணி நூற்றுக்கு 3 பங்கும் அடித்துணி 8 பங்கும் சுருங்கினால், தைத்த போர்வை அப்பளம்போல் நெளியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் துணியானாலும், ஈரோட்டுச் சந்தையில் வாங்கியதானாலும், இரண்டு துணிகளையும் தைக்கும் முன்பே நனைத்து உலர்த்திவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது மீட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். அலசி உலர்த்திய பின் ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் பருத்தி மிஞ்சுகிறது என்று கண்டு, ஒரு சதுர மீட்டரின் விலையை அதனால் வகுங்கள். என் 'மலிவுத்' துணிக்கு அந்தக் கணக்கைப் போட்டபோது, பக்கத்தில் விலை கூடுதலென்று நான் ஒதுக்கிவைத்த துணிதான் மலிவாக இருந்தது.