அமிலத்துக்குள் அயனி உண்டா?

அன்புள்ள கயல்,

ஹைட்ரோகுளோரிக் அமிலம் மின்சாரத்தைக் கடத்துகிறதே, அப்படியானால் அது அயனிச் சேர்மம்தானே என்று கேட்டிருந்தாய். நீ பார்த்தது அமிலத்தை மட்டுமல்ல, அமிலமும் தண்ணீரும் சேர்ந்த கரைசலை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் தண்ணீரே இல்லாத ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள். அறை வெப்பநிலையில் அது வாயு. மைனஸ் 85 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால்தான் திரவமாகும். சமையல் உப்போ 801 டிகிரியில்தான் உருகும். உருகிய உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; திரவ ஹைட்ரஜன் குளோரைடு ஏறக்குறைய கடத்துவதே இல்லை. உப்பில் அயனிகள் முன்பே இருக்கின்றன. ஹைட்ரஜன் குளோரைடில் இரண்டு அணுக்களும் ஓர் இணை எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொண்டு தனித்தனி மூலக்கூறுகளாக உலவுகின்றன. ஆகவே அது மூலக்கூறுச் சேர்மம், அதிலுள்ளது சகப்பிணைப்பு.

பிறகு அயனி எப்படி வந்தது? குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால் ஹைட்ரஜன் முனையில் சிறிது நேர்மின்சுமை இருக்கும். நீரின் ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனை வெறும் புரோட்டானாகப் பறித்துக்கொள்கிறது. உடனே ஹைட்ரோனியம் அயனியும் குளோரைடு அயனியும் உண்டாகின்றன. உப்பு கரையும்போது இருந்த அயனிகள் பிரிகின்றன. அமிலம் கரையும்போது இல்லாத அயனிகள் உருவாகின்றன. இந்த வேறுபாட்டை மட்டும் மறக்காதே.

இதற்குச் சான்று வேண்டுமா? ஹைட்ரஜன் குளோரைடை உலர்ந்த டொலுயீனில் கரைத்தால் அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது. உலர்ந்த நீல லிட்மஸ் தாளும் சிவக்காது. புரோட்டானை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவதே அமிலம் என்றார் சுவீடனின் அர்ஹீனியஸ். 1903இல் நோபல் பரிசும் பெற்றார். வாங்கிக்கொள்ளும் நீருக்கும் இதில் பங்குண்டு என்பதை 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே தெளிவாக்கினார்கள்.

எல்லா அமிலமும் ஒரே அளவில் அயனியாவதில்லை. 0.1 மோலார் அசிட்டிக் அமிலக் கரைசலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு மூலக்கூறுதான் அயனியாகிறது. மற்றவை மூலக்கூறாகவே இருக்கின்றன. மறுமுனையில் பெர்குளோரிக் அமிலம் இருக்கிறது. அதுவும் நீரும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த திண்மப் படிகத்திலேயே ஹைட்ரோனியம் அயனி உண்டு. அங்கும் புரோட்டானைப் பெற்றது நீர்தான்.

ஆகவே தேர்வில் இப்படி எழுது: நாம் படிக்கும் இந்த அமிலங்கள் மூலக்கூறுச் சேர்மங்கள், நீரோடு வினைபுரிந்து அயனிகளைத் தருகின்றன. சமன்பாட்டின் இடப்பக்கம் நீரை எழுத மறக்காதே. அசிட்டிக் அமிலத்துக்கு இருதிசை அம்புக்குறி போடு.

அம்மோனியாவும் மூலக்கூறுதான், அதுவும் நீரில் அயனிகளைத் தரும். ஆனால் அது அமிலம் அல்ல. அங்கே புரோட்டானைக் கொடுப்பது யார், வாங்குவது யார் என்று யோசித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா