வீட்டிற்கு ஏற்ற தொலைபேசி எது?

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

தறிக்கு அச்சு வாங்கும் நெசவாளர், முதலில் தாம் நெய்யப்போகும் சேலை எது என்பதை எண்ணிப் பார்க்கிறார். விதை வாங்கும் விவசாயி, முதலில் மண்ணையும் நீரையும் எண்ணிப் பார்க்கிறார். விலை பேசுவது அதற்குப் பின்னரே. ஆயின், இதே அங்கத்தினர்கள் கைப்பேசிக் கடையினுள் நுழைந்தவுடன் இவ்வழக்கத்தை மறந்துவிடுகின்றனர். அடுத்த வீட்டார் வாங்கியது எது, மாதத் தவணை எவ்வளவு என்பனவே அங்கு முடிவைத் தீர்மானிக்கின்றன. வீட்டிலுள்ள தரைவழித் தொலைபேசியை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா. விட்டால் அதனிடத்தில் எதை வாங்குவது என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் இருப்போருக்குக் கைப்பேசி புதுமையான பொருளன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் ஆலை 2006ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. நம் வட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வேலை செய்தனர். 2014 நவம்பர் 1ஆம் நாள் அவ்வாலை நின்றது. வரித் தகராறு அதற்கு ஒரு காரணம். அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியபோது இவ்வாலை அதில் சேராமற் போனது மற்றொரு காரணம். உலகெங்கும் மக்கள் பட்டன் போனை விட்டு ஸ்மார்ட்போனுக்கு மாறிவிட்டது இவ்விரண்டிற்கும் பின்னால் நின்ற பெருங்காரணம். இன்று இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் செய்யப்படுகின்றன. ஆனால் நம் ஊரின் அருகே செய்யப்படுகிறது என்பதால் ஒரு பொருள் நம் வீட்டிற்கு ஏற்றதாகிவிடாது.

பழைய தொலைபேசியின் குணம்

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. எனினும், வெளியூருக்கு இடையாளின்றி நேரே எண் சுழற்றிப் பேசும் வசதி இந்தியாவில் 1960ஆம் ஆண்டில்தான், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது. அதற்குப் பின்னும் ஓர் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல.

அப்பழைய தொலைபேசிக்கு இரு நற்குணங்கள் இருந்தன. அது ஒருவருடைய சொத்தாக இராமல் வீட்டின் சொத்தாக இருந்தது. மேலும், செப்புக் கம்பி வழியே நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தமையால், ஊரில் மின்சாரம் நின்றாலும் அது பேசியது. இவற்றுள் இரண்டாவது குணம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. கண்ணாடி இழை வழியாக வரும் புதிய இணைப்பில், வீட்டிலுள்ள சிறு பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிடில் தொலைபேசியும் இல்லை. முதற்குணமோ இன்றும் மதிக்கத் தக்கது. அதை மறந்துவிட்டுக் கைப்பேசி வாங்கியோர் படும் தொல்லையைக் காண்போம்.

யாருக்கு எது வேண்டும்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் வீட்டுக் குழித்தறியில் சங்கத்திற்காகப் பட்டு நெய்கிறார். தந்தை ஒன்றரை ஏக்கரில் நெல் பயிரிடுகிறார். மகன் ஒரகடத்து ஆலையில் முறை வேலை பார்க்கிறான். வயது முதிர்ந்த பாட்டி வீட்டோடு இருக்கிறார். தரைவழித் தொலைபேசியை நிறுத்திவிட்டு, மிச்சமாகும் பணத்தோடு சிறிது சேர்த்து ஒரே ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வாங்குகின்றனர். அது மகன் கையில் இருக்கிறது. ஆலைக்குள் கைப்பேசியைக் கொண்டு செல்ல இடமில்லாததால், எட்டு மணி நேரம் அது பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அந்நேரத்தில் பாட்டி மயங்கி விழுந்தால் 108ஐ அழைக்க வீட்டில் கருவி இல்லை. கொள்முதல் நிலையத்திலிருந்து தந்தைக்கு வரும் செய்தியும், சங்கத்திலிருந்து தாய்க்கு வரும் அழைப்பும் அப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வீட்டில் தொலைபேசி இருக்கிறது என்று பெயர். வீட்டாருக்கு அது இல்லை.

ஆகவே, முதல் விதி இது: வீட்டில் இருப்போர் கையில் எந்நேரமும் ஒரு கருவி இருக்க வேண்டும். பேசுவதற்கு மட்டும் தேவைப்படுவோருக்குப் பட்டன் போன் போதும். படம் அனுப்புதல், பணம் பெறுதல், சந்தை விலை அறிதல் ஆகியவை எவருடைய தொழிலுக்கு வேண்டுமோ அவருக்கே ஸ்மார்ட்போன் உரியது. நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் அதற்கு முதல் உரிமையுடையவர் தறியில் இருக்கும் தாயே எனலாம். புதிய மாதிரியின் படத்தைப் பார்க்கவும், நெய்த முந்தானையைப் படம் எடுத்து அனுப்பவும் அது உதவும். இங்கு ஓர் எச்சரிக்கை: கண்ணாடித் திரையில் தெரியும் அரக்கு வேறு, பட்டில் ஏறும் அரக்கு வேறு. நிறத்தை நூல் மாதிரி கொண்டே முடிவு செய்தல் வேண்டும். விவசாயிக்கோ, தமிழக அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய 'உழவன்' செயலி மானிய விவரங்களையும் சந்தை விலையையும் தமிழிலேயே தருகிறது.

ஆண்டுக் கணக்கு

கடைக்காரர் மாதக் கணக்குச் சொல்வார். நாம் ஆண்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. தம் ஊர் விலையை இட்டு அங்கத்தினர்கள் தாமே கணக்கிடுக.

தரைவழித் தொலைபேசிக்கு மாத வாடகை 200 ரூபாய் எனில், 18 விழுக்காடு வரியுடன் 236 ரூபாய். ஆண்டுக்கு 2,832 ரூபாய்.

பட்டன் போன் 1,500 ரூபாய்க்கு வாங்கி மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 500 ரூபாய். பேச்சுக்கு மட்டுமான ஆண்டுத் திட்டம் 1,800 ரூபாய் எனில், மொத்தம் 2,300 ரூபாய்.

ஸ்மார்ட்போன் 9,000 ரூபாய்க்கு வாங்கி மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 28 நாள் திட்டம் 200 ரூபாய் எனில் ஆண்டுக்கு 12 முறையன்று, 13 முறை செலுத்த நேரும். அது 2,600 ரூபாய். மொத்தம் 5,600 ரூபாய்.

இதிலிருந்து தெரிவது யாது? பேச்சுக்கு மட்டும் எனில் பட்டன் போன் தரைவழி இணைப்பைவிடச் சிக்கனமானது. ஸ்மார்ட்போன் சிக்கனமன்று, ஏறக்குறைய இரு மடங்கு செலவு. அக்கூடுதல் செலவைத் தொழிலில் ஈட்ட இயலுமானால் மட்டுமே அது தக்கது. மாதத்தில் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுப் பேருந்தேறும் அலைச்சல் மிச்சமானால், அக்குடும்பத்திற்கு அது ஈடாகிவிடும். படம் பார்ப்பதற்கு மட்டும் எனில் ஈடாகாது.

பேச்சுத் திட்டம் பற்றி ஒரு செய்தி. இணைய வசதி வேண்டாதாரும் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை முன்பு இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2024 டிசம்பரில் பிறப்பித்த விதியினால், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டியதாயிற்று. கடையில் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம் கேட்டுப் பெற வேண்டும். அவ்வாறே, 28 நாள் திட்டமேயன்றி, 30 நாள் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உண்டு.

நாளொன்றுக்கு இவ்வளவு இணையம் என்று அளந்து தரும் திட்டத்தில், அன்று எஞ்சியது மறுநாளுக்கு வாராது. குறைந்த அளவில் தொடங்கி, போதாவிடில் கூட்டிக்கொள்வதே முறை.

கருவியைத் தேர்தல்

நிறுவனத்தைத் தேர்ந்த பின்னரே கருவியைத் தேர்க. அண்டை வீட்டாரிடம் உள்ள வெவ்வேறு நிறுவனத்துக் கைப்பேசிகளைத் தறியின் அருகிலும், தளம் போட்ட அறையினுள்ளும், வயற்கிணற்றடியிலும் வைத்துப் பேசிப் பாருங்கள். எங்கு நீங்கள் வேலை செய்கிறீர்களோ அங்கு குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். பட்டன் போன் வாங்குவோர், அது 4ஜி கருவியா என்று கேட்டு வாங்குக. சில நிறுவனங்களின் இணைப்பு பழைய 2ஜி கருவியில் இயங்குவதில்லை.

ஸ்மார்ட்போனில் நான்கு பொருள்களைப் பார்த்தல் போதும்: வேலை நினைவகம் 4 ஜி.பி.க்குக் குறையாமை, சேமிப்பு 64 ஜி.பி.க்குக் குறையாமை, மின்கலம் 5,000 அளவு, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பது. பழுது பார்க்கும் இடம் அருகில் உள்ளதா என்பதையும் விசாரித்துக்கொள்க.

பழைய கருவி வாங்குவோர் அதில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளோடு அவ்வெண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பின், அது எந்தக் கருவி, தடை செய்யப்பட்டதா என்ற விவரம் வரும். பில் இல்லாத கருவியை வாங்கலாகாது. வட்டியில்லாத் தவணை என்பாரிடம், முன்கட்டணமும் தவணை தவறினால் அபராதமும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

எண்ணைக் காத்தல்

இக்காலத்தில் வங்கிக் கணக்கும், ஆதாரும், உழவர் உதவித் தொகையும் கைப்பேசி எண்ணோடு பிணைந்துள்ளன. கருவி தொலைந்தால் வேறு வாங்கலாம். எண் போனால் இன்னல் பெரிது. 90 நாள் ஒரு பயனுமின்றிக் கிடக்கும் முன்பணச் சிம் துண்டிக்கப்படலாம். பின்னர் அவ்வெண் வேறொருவருக்குப் போய்ச் சேரும். உங்கள் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அவரிடமே செல்லும். ஆதலின், பிள்ளைகளுக்காக அடிக்கடி எண்ணை மாற்றாதீர்கள். நிறுவனத்தை மாற்ற விரும்பினால், எண்ணை வைத்துக்கொண்டே மாறும் உரிமை 2011 முதல் நாடெங்கும் உண்டு. இரகசிய எண்ணைக் கேட்டு எவர் அழைத்தாலும் சொல்லற்க. பணம் பறிபோயின் உடனே 1930ஐ அழைக்க.

தரைவழி இணைப்பை விடுவோர், கட்டணம் கட்டாமல் விட்டுவிடுவது தவறு. வாடகை ஏறிக்கொண்டே போகும். எழுத்து மூலம் ஒப்படைத்து, வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுக.

வீட்டிற்குச் சொன்னது சங்க அலுவலகத்திற்குப் பொருந்தாது. செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணே சங்கத்தின் எண்ணாக இருந்தால், அவர் மாறும்போது வாடிக்கையாளரும் அங்கத்தினரும் தடுமாறுவர். தரைவழியாயினும் கைப்பேசியாயினும், சங்கத்தின் எண் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும்.

கலந்து பேசுவதற்கு வினாக்கள்

1. உங்கள் வீட்டில் பகல் முழுவதும் ஒரு தொலைபேசி வீட்டாரின் கைக்கு எட்டுகிறதா?

2. சென்ற ஆண்டில் உங்கள் குடும்பம் ரீசார்ஜுக்குச் செலவிட்ட மொத்தத் தொகை எவ்வளவு?

3. உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள எண் இப்பொழுது யார் கையில் இருக்கிறது?

4. நம் சங்கத்தின் எண் யார் பெயரில் உள்ளது?