கட்டளைச் சொல்லும் தேடுவழிப் பட்டியலும்

ஒரு பொருள் இல்லாமை வேறு. தேடிய இடத்தில் அது கிடையாமை வேறு. 2022 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேசத்தின் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபொழுது, வெதுருகுப்பம் மண்டலம் சித்தூரிலேயே நின்றது. திருப்பதி மாவட்டத்து ஊர்ப் பட்டியலை மட்டும் புரட்டுபவர் அவ்வூரைக் காணார். அதனால் அவ்வூர் இல்லை என்று ஆகாது. தேடிய பட்டியல் பொருந்தவில்லை என்பதே உண்மை. கணிப்பொறியில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து வேலை வாங்குவோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தான் நிரலின் வாயிலாகச் சி++ நிரலை இயக்கும் பாடம் இடம்பெற்றது. அதற்கு ‘மின்ஜிடபிள்யூ’ தொகுதியிலுள்ள ‘ஜி++’ என்னும் நிரல்பெயர்ப்பி வேண்டும். அதனை முறையாக நிறுவிய பின்னரும், ‘இது உட்கட்டளையாகவோ வெளிக்கட்டளையாகவோ அறியப்படவில்லை’ என்று விண்டோஸ் மறுமொழி கூறுவதுண்டு. மாணவர் தம் நிரலே பிழை என மயங்குவர். ஆசிரியர் தொகுதியை நீக்கி மீண்டும் நிறுவி ஒரு பாடவேளையை இழப்பர். பட்டியல் திருந்தாதவரை மறுமொழியும் மாறாது.

தேடும் முறை

கட்டளைச் சொல்லைப் பெற்றவுடன், விண்டோஸின் கட்டளைச் சாளரம் முதலில் அது தன் உட்கட்டளையா என நோக்கும். அன்றெனில், அப்பொழுது திறந்துள்ள கோப்புறையில் தேடும். அதன்பின் ‘பாத்’ என்னும் பட்டியலில் குறித்த கோப்புறைகளை வரிசையாகத் தேடும். வன்தட்டு முழுவதையும் அது துருவுவதில்லை. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 1979-இலும், எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில் 1983-இலும் இடம்பெற்ற இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. விண்டோஸ் பட்டியலில் கோப்புறைகளை அரைப்புள்ளி பிரிக்கும். லினக்ஸில் முக்காற்புள்ளி பிரிக்கும்.

திருத்தும் முறை

1. நிரல்பெயர்ப்பி இருக்கும் கோப்புறையைக் கண்டறிக. மின்ஜிடபிள்யூ தொகுதியில் அது ‘பின்’ என்னும் உட்கோப்புறையாகும்.

2. விண்டோஸ் தேடற்பெட்டியில் ‘என்விரான்மெண்ட்’ எனத் தட்டச்சுச் செய்து, சூழல் மாறிகளைத் திருத்தும் சாளரத்தைத் திறக்க. அதில் ‘பாத்’ என்பதைத் தேர்ந்து, புதிய வரியாகக் கோப்புறையின் முழு முகவரியைச் சேர்க்க. கோப்பின் பெயரைச் சேர்த்தல் கூடாது.

3. முன்பே திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடிப் புதியதொன்றைத் திறக்க. ஒவ்வொரு செயலியும் தான் தொடங்கும்பொழுதே பட்டியலின் படியொன்றைப் பெற்றுக்கொள்கிறது. பின்னர் நிகழ்ந்த மாற்றத்தைப் பழைய சாளரம் அறியாது.

பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிய வரியை எழுதுவது பெருந்தவறு. அவ்வாறு செய்யின், அதுகாறும் இயங்கிய பிற கருவிகளும் ‘அறியப்படாதவை’ ஆகிவிடும். ‘செட்எக்ஸ்’ என்னும் கட்டளையால் மாற்றுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1024 எழுத்துக்களுக்கு மேற்பட்டதை அது வெட்டிவிடும். எனவே மாற்றுவதற்கு முன் பட்டியலைப் படியெடுத்து வைத்தல் நலம்.

ஒரே பெயர், இரண்டு இடம்

வெதுருகுப்பம் மண்டலம் கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. ‘நெல்லூர்’ என்று மட்டும் கூறினால் கேட்பவர் பெண்ணையாற்றங்கரை நெல்லூரையே கருதக்கூடும். கணிப்பொறியிலும் ஒரே பெயருடைய இரு கருவிகள் இருப்பின், பட்டியலில் முந்தி நிற்பதே இயங்கும். பைத்தானின் இரு பதிப்புகளை நிறுவிய இடங்களில் இவ்விடர் மிகுதி. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘வேர்’ என்னும் கட்டளையுடன் கருவியின் பெயரைத் தந்தால், அஃது உள்ள இடங்கள் வரிசையாகத் தோன்றும். லினக்ஸில் ‘விச்’ என்னும் கட்டளை, இயங்கப்போகும் கருவியின் இடத்தைக் காட்டும்.

வகுப்பிற்குரிய பயிற்சி

கட்டளைச் சாளரத்தில் ‘பாத்’ என்று மட்டும் தட்டச்சுச் செய்து, தோன்றும் கோப்புறைகளை மாணவர் ஏட்டில் வரிசையாக எழுதுக. பின்னர், தாம் நிறுவிய கருவியின் கோப்புறை அவ்வரிசையில் உளதா என ஆராய்க. இப்பயிற்சி பெற்ற மாணவர், மறுமொழி கண்டு அஞ்சாமல், தேடிய இடம் எது என்று முதலில் வினவுவர்.