ஜெபித்தும் அழுகை நிற்கவில்லையே?

கேள்வி: பிள்ளை பிறந்து ஆறு கிழமை. காரணமில்லாமல் அழுகிறேன், பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை. ‘விசுவாசம் குறைஞ்சு போச்சு, ஜெபி’ என்கிறார் மாமி. நான் பாவியா?
– ஒரு தாய், காரைநகர்

பதில்: இல்லை, தங்கச்சி. பிரசவத்துக்குப் பிந்திய முதல் நாள்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தணிந்துவிடும். ஆறு கிழமையாகியும் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஹோர்மோன் மாற்றம், நித்திரையின்மை, தனிமை எல்லாம் இதில் சேரும். காய்ச்சலுக்கு யாரும் விசுவாசத்தை அளப்பதில்லையே!

வேதத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் இருந்து சாவைக் கேட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; தூங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஜெபம் அவர் செய்யட்டும், இரவில் பிள்ளையையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளால் நிலையை ஓரளவு கணிக்கலாம். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு, வைத்தியர் தெரிவுசெய்வார். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் காத்திராதீர்கள்: அன்றைக்கே ஆஸ்பத்திரி. தேசிய மனநல உதவி எண் 1926.