பால்குடி எத்தனை மாதம்?

அன்புள்ள மக்களே,

உன் மைனிக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் புட்டிப்பால் தொடங்கிவிட்டார்கள், கேட்டால் "பால் காணாது" என்கிறார்கள், இது நிஜமா என்று எழுதியிருந்தாய். நர்சிங் படிக்கிற பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் மைனியின் உடம்பை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஒரு தாய் எத்தனை காலம் பால் கொடுக்கிறாள் என்பதில் அவள் விருப்பம் ஒரு பங்கு மட்டுமே. பிரசவ அறையும், வேலை பார்க்கிற இடமும், வீட்டில் கூட இருப்பவர்களும் சேர்ந்துதான் மீதியை முடிவு செய்கிறார்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ பால் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. நாலு முதல் ஆறு மாதம் என்று இருந்த பழைய கணக்கு 2001-ல்தான் ஆறு மாதம் என்று உறுதியானது. ஆகவே நாலாம் மாதமே மட்டிப்பழத்தை மசித்துக் கொடுக்கச் சொல்லும் அம்மம்மையோடு சண்டை போடாதே. அவர்கள் பிள்ளை பெற்ற நாளில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

பால் எப்படிச் சுரக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பாய். பிள்ளை சப்பும்போது புரோலாக்டின் கூடுகிறது, பால் ஊறுகிறது. ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. குடிக்கக் குடிக்க ஊறும். மார்பில் தேங்கி நின்றால் ஊறுவது குறையும். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று பிள்ளை சட்டென்று வளர்கிற நாட்கள் வரும். அப்போது அரை மணிக்கொரு தடவை மார்பைத் தேடி அழும். அந்த அழுகையைக் கேட்டுத்தான் பல வீடுகளில் டின்னைத் திறக்கிறார்கள். பவுடர் பால் மெதுவாகச் செரிப்பதால் பிள்ளை நீட்டித் தூங்கும், வீடும் நிம்மதியாகும். ஆனால் அந்த நேரமெல்லாம் மார்பில் பால் தேங்கி நிற்கிறது. கொஞ்ச நாளில் பால் நிஜமாகவே காணாமல் போகிறது. வீட்டில் சொன்னது சரி என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.

புட்டி தொடங்குமுன் மைனியின் பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் பெய்ததா, மாதாமாதம் எடை கூடியதா என்று கேட்டுப் பார். இரண்டும் சரியாக இருந்திருந்தால் பால் போதுமானதாகவே இருந்தது. நிஜமாகவே பால் குறைவான தாய்மாரும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போனது, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியது என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வைத்தியம். அவர்களிடம் போய் யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

பால் கொடுப்பதன் தொடக்கம் பிரசவ அறையில். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் எடுத்தால் 63.8. தண்டுவட ஊசி போட்ட தாய் முழித்துத்தான் இருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க அவளால் முடியும். பக்கத்தில் பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் இல்லாதபோது பிள்ளை வெளியே நிற்கிற சொந்தக்காரர் கைக்குப் போகிறது. சேனை என்று சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்கில் வைக்கிறார்கள். வசம்பு உரசிக் கொடுக்கிறவர்களும் உண்டு. சீம்பாலுக்கு உரிய முதல் இடம் இப்படிப் போகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்த தாய்மார் அதிக காலம் கொடுப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் இந்தியா முழுக்க 63.7 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 55 சதவீதத்தை ஒட்டித்தான். பணக்கார நாடுகளில் படித்தவர்கள் அதிக காலம் கொடுக்கிறார்கள். மற்ற நாடுகளில் ஏழைத் தாய்மார்தான் அதிக காலம் கொடுக்கிறார்கள் என்று 2016-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. டின் வாங்கக் காசு இருக்கிற வீட்டில் டின் சீக்கிரம் வருகிறது.

அதற்காக ஏழைத் தாய்க்கு எல்லாம் எளிது என்று நினைத்துவிடாதே. கருங்கல், புதுக்கடைப் பக்கத்தில் அண்டி ஆபீசுக்குப் போகிற பெண்களின் கைகளைப் பார்த்திருப்பாய். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் கறுத்து வெடிக்கும். அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்க முடியாது; நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவி, பால் கொடுத்து, திரும்பி வந்து உட்காருகிற நேரத்துக்குக் கூலி கிடையாது, ஏனென்றால் கூலி கிலோக் கணக்கில். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உடைத்த பருப்பை நிறுத்துக் கூலி போடுகிற இடத்தில் அந்த இடைவேளையை எத்தனை பேர் எடுப்பார்கள்?

கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு வேறு கஷ்டம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் விடும். ஆகவே இருட்டோடு புறப்பட வேண்டும். தாய்க்குப் புரோலாக்டின் மிகுந்து நிற்பதும் அந்தப் பின்னிரவில்தான். முட்டத்திலும் குளச்சலிலும் மீன் வட்டியோடு விடிகாலை போகிற பெண்களுக்கும் இதே கதை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டும் உழுந்தங்கஞ்சியும் பூண்டும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. கொடுக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் எந்தச் சுறாவாலும், கொடுக்காமல் போன நேரத்தை ஈடுகட்ட முடியாது.

2017 திருத்தத்திலிருந்து சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். அப்படி எடுத்தவளுக்கு மிச்சம் பதினெட்டு வாரம், அதாவது நாலு மாதம். வேலைக்குத் திரும்புமுன் பிள்ளையைப் பழக்க வேண்டும் என்று மூன்றாம் மாதமே புட்டி வந்துவிடுகிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாத விடுப்பு. ஒரே தெருவில் அரசுப் பள்ளி டீச்சரும் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணும் பிள்ளை பெற்றால், இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கிடைக்கும் காலம் ஒன்றாக இருக்காது. இதில் தாய்ப்பாசத்தை அளக்க ஒன்றுமில்லை.

டின் விற்கிறவர்களின் வரலாறும் உனக்குத் தெரிய வேண்டும். 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். நர்சு உடையில் வந்த பெண்கள் டின்பாலைத் தாய்மாரிடம் தள்ளிவிட்டதால் பிள்ளைகள் சாவதை அவர் நேரில் பார்த்திருந்தார். 1981-ல் டின்பால் விற்பனைக்கான உலக விதித்தொகுப்பு வந்தது. 1992-ல் இந்தியச் சட்டம் வந்தது, 2003-ல் அது இன்னும் இறுகியது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு டின்னை எடுத்துப் பார். குழந்தைப் படமோ தாயின் படமோ அதில் இருக்காது. அந்தச் சட்டம் செய்த வேலை அது.

உதவி கிடைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்குப் பெலாரஸ் நாட்டைச் சொல்லலாம். 1996, 97-ல் அங்கே 31 மருத்துவமனைகளில் 17,046 குழந்தைகளை வைத்து ஆய்வு நடந்தது. தாய்மாருக்குப் பாலூட்ட முறையாகக் கற்றுக்கொடுத்துத் துணை நின்ற இடங்களில், மூன்றாம் மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 43.3 சதவீதம், வழக்கம்போல விட்ட இடங்களில் 6.4. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் 352 பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்ததும் நல்ல காரியம். வடசேரி பஸ் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த அறை திறந்திருக்கிறதா, உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதிக் கொடு.

மைனி இப்போதும் பாலைக் கூட்டிக்கொள்ளலாம். பகலும் இரவுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பிள்ளையை மார்பில் போடச் சொல். டின்பாலை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். எடையைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும். அண்ணன் வீட்டுவேலையை எடுத்துக்கொள்ளட்டும். அவள் தூங்க வேண்டும்.

பால்குடி மறக்கடிக்கிற காலம் பிறகு வரும். அன்றைக்கு யாராவது சென்னிநாயகத்தை உரசி மார்பில் பூசச் சொல்வார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உலர்த்திய அந்தக் கறுப்புக் கட்டி பொல்லாத கசப்பு. பிள்ளை ஒரே நாளில் மிரண்டு விலகும், தாய்க்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். பகலில் ஒரு வேளையை நிறுத்தி, சில நாள் பொறுத்து, அடுத்த வேளையை நிறுத்தச் சொல். தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியில் விடட்டும்.

அன்புடன்,
பெரியம்மை